புல் முடியும் கோடு: பாலைவனக் கோல்ஃப் மைதானத்தை அறிந்து ஆடும் முறை

பாலைவனத்தில் அமைந்த கோல்ஃப் மைதானத்துக்கு முதன்முறை செல்பவர் பெரும்பாலும் கொடியையும் அது நிற்கும் கிரீன் என்ற, குழியைச் சுற்றி மழித்த புல்திட்டையுமே பார்க்கிறார். அவர் முதலில் பார்க்க வேண்டியது புல் முடிந்து பாலைவனம் தொடங்கும் கோட்டை. மழை பெய்யும் ஊர்களின் மைதானங்களில் புல்லே தரை. மரமும் குளமும் மணற்பள்ளமும் அந்தத் தரையில் ஆங்காங்கே வைக்கப்பட்ட தடைகள். பாலைவனத்தில் தரை என்பது கல்லும் முள்ளும் வறண்ட ஓடையும்தான். புல், தண்ணீர் பாய்ச்சிக் காப்பாற்றப்படும் வரை மட்டுமே அங்கே இருக்கும் ஒரு விரிப்பு. அந்த விரிப்பின் ஓரம் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, அதைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், மைதானத்தின் குணமும் புரியும், அதில் எப்படி ஆடுவது என்பதும் புரியும்.

இந்த வழிகாட்டி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸையும் ஸ்காட்ஸ்டேலையும் சுற்றியுள்ள சொனோரன் பாலைவன மைதானங்களை முன்வைத்து எழுதப்பட்டது. பாலைவனக் கோல்ஃப் என்று இன்று உலகம் அழைக்கும் பாணி பெரும்பாலும் அங்கேதான் உருப்பெற்றது. சாண்ட்லர், டெம்பி போன்ற பக்கத்து நகரங்களில் பணிபுரியும் தமிழர்கள் பலருக்கு இந்த மைதானங்கள் அரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன. டிரைவர், அயர்ன், வெட்ஜ் எனக் கோல்ஃப் மட்டைகளின் பெயரும், பார், ஃபேர்வே, பங்கர் முதலிய சொற்களும் தெரிந்தவர், ஆனால் பாலைவனத்தில் இதுவரை ஆடாதவர் என்று வாசகரை எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஃபீனிக்ஸில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 18 முதல் 20 சென்டிமீட்டர். அங்கே கோல்ஃப் மைதானத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் வடிவமைப்பாளரின் கற்பனைக்கு முன்னால் தண்ணீர் நிற்கிறது. 1980-இல் அரிசோனா தன் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் வகுக்கப்பட்ட திட்டங்கள், 1980-களின் நடுப்பகுதிக்குப் பின் அந்தப் பகுதியில் உருவான மைதானங்களுக்கு, குழிக்கு 5 ஏக்கர் புல், ஆக 18 குழிகளுக்கு 90 ஏக்கர் புல் என்ற அளவை அடிப்படையாக வைத்தே நீரை ஒதுக்குகின்றன. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஓர் ஏக்கர் புல்லுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 ஏக்கர்-அடி நீர் வேண்டும். ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர், அதாவது 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். 90 ஏக்கர் புல்லுக்கு ஆண்டுக்கு 55 கோடி லிட்டர் என்று கணக்கு வருகிறது. மைதானங்கள் பலவும் நகரத்தின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பயன்படுத்துவது இந்த அளவின் பாரத்தால்தான்.

இந்தக் கணக்கு ஆட்டத்துக்கு வெளியே உள்ள செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் நீங்கள் முதல் அடியை அடிக்கும் டீ மேடையில் நின்று காணும் காட்சியே இதிலிருந்துதான் பிறக்கிறது. 400 கெஜ நீளமுள்ள ஒரு பார் 4 ஆட்டவழியை, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய, டீயிலிருந்து குழி வரையிலான ஒரு பாதையை, எடுத்துக்கொள்வோம். 5 ஏக்கர் என்பது 24,200 சதுர கெஜம். டீயிலிருந்து கிரீன் வரை இடைவெளியின்றிப் புல் விரித்தால் அதன் அகலம் 60 கெஜம்தான் வரும்; சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் டிரைவர் அடி இருபுறமும் சிதறும் எல்லைக்கு அது போதாது. ஆகவே வடிவமைப்பாளர், பந்து தரையைத் தொடத் தேவையில்லாத முதல் 150 கெஜத்தில் புல்லே இடாமல் பாலைவனத்தை அப்படியே விட்டுவிடுகிறார். மிச்சமுள்ள 250 கெஜத்தில் அதே 5 ஏக்கரை விரித்தால் அகலம் ஏறத்தாழ 97 கெஜமாக உயர்கிறது. டீக்கு முன்னால் கள்ளியும் கல்லும் விரிந்து கிடப்பது உங்களை அச்சுறுத்துவதற்காக மட்டும் செய்யப்பட்ட ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். பந்து விழும் இடத்தில் உங்களுக்கு அகலம் தருவதற்காக அங்கே மிச்சம் பிடிக்கப்பட்ட புல் அது. பயிற்சித் திடலுக்கும் கிரீன்களைச் சுற்றிலும் தேவைப்படும் புல்லும் இதே 90 ஏக்கருக்குள் அடங்க வேண்டும் என்பதால், நடைமுறையில் கணக்கு இன்னும் இறுக்கமானது.

ஆகவே செல்லும் முன்பே மைதானத்தின் வான்வழிப் படத்தைத் திறந்து, ஒவ்வோர் ஆட்டவழியிலும் புல் எங்கே செலவிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எந்த இடத்தில் புல் திடீரென அகலமாகிறதோ அங்கே பந்தை இறக்கும்படி வடிவமைப்பாளர் உங்களை அழைக்கிறார். எங்கே ஒடுங்குகிறதோ, அங்கே டிரைவரை வைத்துவிட்டுச் சிறிய மட்டையை எடுக்கச் சொல்கிறார். பத்து நிமிட வேலை இது. அதன் பயன் 18 குழிகளிலும் கூடவே வரும்.

அந்தப் புல்லைப் பற்றியும் ஒரு சொல். பெர்முடா என்று அங்கே அழைக்கப்படுவது நம் அருகம்புல்லேதான். ஃபேர்வேக்களில் வெகுவாகப் பயன்படும் டிஃப்வே 419 என்ற வகை, அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவையும் சேர்த்து ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் நகரில் உருவாக்கப்பட்டு 1960-இல் வெளியிடப்பட்ட கலப்பினம். பிள்ளையாருக்கு நாம் சூட்டும் புல்லின் வாரிசு, 43 டிகிரி வெயிலில் அரிசோனாவில் பச்சை பிடித்து நிற்கிறது. வெயிலை அது விரும்புகிறது, குளிரைத்தான் தாங்காது. இந்தக் குணம் ஆட்டப் பருவத்தையே மாற்றிவிடுகிறது என்பதைப் பின்னால் காண்போம்.

ஓடையும் சுக்கான் பாறையும்

சொனோரன் பாலைவனத்தில் மழை அரிது. ஆனால் பெய்தால் கொட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில், காலையில் காலடி மணலாகக் கிடந்த ஓடையில் மாலையில் வெள்ளம் பாயும். இந்த வறண்ட ஓடைகளே நிலத்தின் உண்மையான வரைபடம். ஓடையை மறித்துக் கட்டிய மைதானத்தை ஒரு பெருமழை திருத்தி எழுதிவிடும் என்பதால், நல்ல வடிவமைப்பாளர் ஓடைகளை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட மேட்டு நிலத்தில் ஃபேர்வேக்களை இடுகிறார். ஓடையைக் கடக்க வேண்டிய இடங்களில் குறுக்காக ஒரே முறை கடக்கப் பார்க்கிறார்.

கேர்ஃப்ரீ என்ற சிற்றூரில் 1962-இல் திறக்கப்பட்ட டெசர்ட் ஃபாரெஸ்ட் இதற்கு முன்னோடி. ராபர்ட் லாரன்ஸ் என்ற வடிவமைப்பாளர், அதிகம் மண்ணைப் புரட்டாமல், ஓடைகளுக்கு நடுவே புல்வழிகளைப் பொருத்தினார். ஃபேர்வே ஓரங்களில் மணற்பள்ளங்களை வைக்கவில்லை. பாலைவனமே ஓரத்தில் காத்திருக்கும்போது தனியாக ஒரு தடை எதற்கு என்ற தெளிவு அது. பின்னால் வந்த பல மைதானங்கள் வெள்ளை மணற்பள்ளங்களையும் நீல ஏரிகளையும் அள்ளி வைத்தபோது இந்தத் தெளிவை இழந்தன என்பது என் உறுதியான கருத்து.

ஓடை நகரத்துக்கும் பயன்படுகிறது. ஸ்காட்ஸ்டேல் நகரின் ஊடே செல்லும் இந்தியன் பெண்ட் ஓடையைக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றாமல், பூங்காக்களும் கோல்ஃப் மைதானங்களும் கொண்ட 11 மைல் நீளப் பசுமைப் பட்டையாக வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது புல்வெளி மூழ்கும். வடிந்ததும் மீண்டும் ஆட்டம் தொடங்கும். இத்தகைய மைதானத்தில் ஆடும்போது தரை தாழ்ந்திருக்கும் பக்கத்தைக் கவனித்தால் நீர் போகும் வழி தெரியும். உருளும் பந்தும் பெரும்பாலும் அந்த வழியையே நாடும்.

மண்ணுக்கு அடியில் உள்ளதையும் அறிந்துகொள்ளுங்கள். நம் கரிசல் காட்டில் கிணறு வெட்டுபவர்கள் சுக்கான் பாறை என்று சொல்லும் சுண்ணாம்புக் கெட்டிப் படலத்துக்கு அங்கே கலீச்சி என்று பெயர். மேல் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே சிமென்ட் தளம் போல் அது கிடப்பதுண்டு. அது இருக்கும் இடத்தில் நீர் இறங்காது, வேர் இறங்காது, நீரோடு வரும் உப்பும் இறங்காது. கழிவுநீரில் உப்பு மிகுதி என்பதால், அவ்வப்போது நிறைய நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ள வேண்டும். கலீச்சி அதைத் தடுத்துவிடும். ஃபேர்வேயின் நடுவே காரணம் தெரியாமல் மஞ்சளாகக் கிடக்கும் திட்டுகளைக் கண்டால் அடியில் இதைச் சந்தேகிக்கலாம். ஆட்டத்துக்கு இதன் பொருள் எளியது: பாலைவனத்துக்குள் போன பந்தின் அடியில் இரண்டு விரல் மணல் தெரிந்தாலும், அதற்குக் கீழே மட்டையின் முகத்தையும் மணிக்கட்டையும் ஒருசேரப் பதம் பார்க்கும் கெட்டித்தரை இருக்கலாம்.

ஓரத்தைப் படிப்பது எப்படி

ஒரு மைதானத்தின் தரத்தை அறிய என்னிடம் ஒரே சோதனைதான் உண்டு. ஃபேர்வேயின் நடுவிலிருந்து பக்கவாட்டில் நடந்து, புல் முடியும் இடத்தில் நின்று, கீழே பார்க்க வேண்டும்.

மோசமான மைதானத்தில் அந்தக் கோடு கத்தியால் வெட்டியது போல் இருக்கும்: இப்பக்கம் பச்சை, அப்பக்கம் முள். ஓரடி தவறிய பந்துக்கும் முப்பது கெஜம் தவறிய பந்துக்கும் அங்கே ஒரே தண்டனை. நல்ல மைதானத்தில் ஓரம் படிப்படியாக மாறும். குட்டையாக வெட்டிய புல்லை அடுத்துச் சற்று உயர்ந்த புல். அதை அடுத்து, பொடிந்த கருங்கல் சரளை பரப்பிய ஓர் இடைவெளிப் பட்டை. அதில் ஆங்காங்கே ஒரு கள்ளி, ஒரு புதர். அதற்கும் அப்பால்தான் தொடப்படாத பாலைவனம். இந்தப் பட்டையில் நிற்கும் பந்தைக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் அடிக்கவும் செய்யலாம். ஆனால் கிரீனை நோக்கித் துணிந்து அடிப்பதா, ஃபேர்வேக்குத் திருப்பி அடிப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். தவறின் அளவுக்கு ஏற்ற தண்டனை என்பது ஆட்டத்தின் அடிப்படை நியாயம். பாலைவனத்தில் அந்த நியாயம் முழுவதும் இந்தச் சரளைப் பட்டையில்தான் தங்கியிருக்கிறது.

ஓரத்தில் நிற்கும் தாவரங்களையும் பாருங்கள். சகுவாரோ என்ற தூண் போன்ற கள்ளி, முதல் கிளையை விடுவதற்கே 50 முதல் 100 ஆண்டுகள் ஆகும். 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அரிசோனாவில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அனுமதியின்றி வெட்டவோ பெயர்க்கவோ கூடாது. மைதானம் கட்டும்போது ஆட்டவழியில் நிற்கும் சகுவாரோக்களையும் பாலோ வெர்டே, மெஸ்கீட் மரங்களையும் பெயர்த்து, நாற்றுப் பண்ணை அமைத்து வைத்து, பின்னர் ஓரங்களில் நடுவார்கள். சகுவாரோவைப் பெயர்க்கும் முன் அதன் தெற்குப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு, நடும்போதும் அதே பக்கம் தெற்கைப் பார்க்கும்படி நடுவது வழக்கம். வெயிலுக்குப் பழகாத பக்கம் தெற்கே திரும்பினால் தோல் வெந்துவிடும். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் உறவு. தட்டையான தண்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கும் சப்பாத்திக்கள்ளியை அறிமுகம் செய்யவே தேவையில்லை. இவை இயல்பான அடர்த்தியில், சிறியதும் பெரியதும் கலந்து நிற்கின்றனவா, அல்லது பூந்தொட்டி வரிசை போல் சம இடைவெளியில் நிற்கின்றனவா என்று கவனித்தால், பாலைவனத்தை மதித்துக் கட்டினார்களா, அழித்துவிட்டுப் பின்னர் ஒப்பனை செய்தார்களா என்பது தெரிந்துவிடும். தெளிப்பான் நீர் புல்லைத் தாண்டிப் போய்ச் சகுவாரோவின் அடியை நனைத்துக்கொண்டே இருந்தால் அது அழுகி ஒருநாள் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்து கிடக்கும் நூறாண்டுக் கள்ளியை ஃபேர்வே ஓரத்தில் காண்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் காட்சி.

வடிவமைப்பாளர்களின் மனப்போக்கில் உள்ள வேறுபாடும் இந்த ஓரத்திலேயே வெளிப்படுகிறது. ஸ்காட்ஸ்டேலின் வடபகுதியில் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த டெசர்ட் ஹைலண்ட்ஸ் 1983-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அர்னால்ட் பால்மர், கேரி பிளேயர், டாம் வாட்சன், நிக்லாஸ் ஆகிய நான்கு முன்னணி ஆட்டக்காரர்களும் மோதிய, ஒவ்வொரு குழிக்கும் தனிப் பரிசுத்தொகை வைத்த முதல் ஸ்கின்ஸ் போட்டி அங்கிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, பாறைகளுக்கு நடுவே பச்சைத் தீவுகள் மிதக்கும் இந்தக் காட்சியை அமெரிக்கா கண்டது. தீவிலிருந்து தீவுக்குப் பந்தைத் தாண்டவைக்கும் இந்தப் பாணி இலக்குக் கோல்ஃப் என்று பெயர் பெற்றது. 1990-இல் டாம் வைஸ்கோஃபும் ஜே மோரிஷும் அமைத்த ட்ரூன் நார்த்தின் மான்யுமென்ட் மைதானம், பெரும் பாறைகளை அகற்றாமல் ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஃபோர்ட் மெக்டவல் யாவபாய் பழங்குடியினரின் நிலத்தில் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 2006-இல் அமைத்த வீ-கோ-பா சகுவாரோ மைதானம் வேறு வழியில் சென்றது: ஃபேர்வேக்கள் அகலம், கட்டாயம் தாண்ட வேண்டிய இடங்கள் குறைவு, சுற்றிலும் வீடுகளே இல்லை, நடந்தே ஆடிவிடலாம். பாலைவன மைதானத்தில் நடந்து ஆட முடிவது அரிது என்பதால், ஒரே ஒரு மைதானத்தில் ஆட வாய்ப்புக் கிடைப்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுவே.

இவற்றுக்கு நேர் எதிரான துருவங்களும் உண்டு. லாஸ் வேகாஸில் டாம் ஃபாசியோ 1989-இல் அமைத்த ஷேடோ கிரீக்கில், தரையைத் தோண்டி மேடு எழுப்பி, ஆயிரக்கணக்கில் மரம் நட்டு, பாலைவனமே கண்ணில் படாதபடி மறைத்துவிட்டார்கள். துபாயில் கார்ல் லிட்டனின் வடிவமைப்பில் 1988-இல் திறக்கப்பட்ட எமிரேட்ஸ் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம், வளைகுடா வட்டாரத்தின் முதல் முழுப் புல் மைதானம். அதற்கு முன் அந்த வட்டாரத்தில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான் கிரீன். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் இன்றும் புல்லே இல்லாத மைதானம் ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர்கள் கையோடு ஒரு துண்டுப் புல்விரிப்பைச் சுமந்து சென்று, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள்.

டீ மேடையில் நிற்கும்போது

முதல் முடிவு, எந்த டீயிலிருந்து தொடங்குவது என்பது. மற்ற ஊர்களில் பின் டீயிலிருந்து ஆடினால் அடுத்த அடி சற்று நீளும், அவ்வளவுதான். இங்கே பின் டீ என்றால் பாலைவனத்தைத் தாண்ட வேண்டிய தூரமே கூடுகிறது. ஆகவே மொத்தக் கெஜத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் டிரைவர் பந்து தரையைத் தொடாமல் பறக்கும் தூரத்தை நேர்மையாகக் கணக்கிட்டு, ஆட்ட அட்டையிலோ வழிகாட்டிக் கையேட்டிலோ காணும் தாண்டல் தூரங்களைவிட அது குறைந்தது 20 கெஜம் கூடுதலாக இருக்கும் டீயைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சிறந்த அடி எவ்வளவு தூரம் போகும் என்பதை மறந்துவிட்டு, பத்தில் எட்டு அடிகள் எவ்வளவு போகும் என்பதைக் கொள்ள வேண்டும்.

அடுத்தது, கண் ஏமாறுவதை எதிர்பார்ப்பது. டீக்கும் ஃபேர்வேக்கும் இடையே புதர்கள் தரையை மறைப்பதால் ஃபேர்வே உண்மையில் இருப்பதைவிடக் குறுகலாகத் தெரியும். வறண்ட, தெளிந்த காற்றில் தொலைவில் உள்ள மலை அருகில் இருப்பது போல் தோன்றும். அதன் முன் நிற்கும் கொடியும் அருகில் இருப்பது போல் தோன்றும். கண்ணை நம்பாமல் தூரமானியை நம்புங்கள். வட ஸ்காட்ஸ்டேல் மைதானங்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 அடிக்கு மேல் இருக்கின்றன. 1000 அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் பந்து கூடுதலாகப் பறக்கும். வெப்பம் மிகுந்த பிற்பகலில் இன்னும் சற்றுக் கூடும். ஆனால் ஜனவரி மாதக் காலை 7 மணிக்குக் குளிர் 5 டிகிரியில் இருக்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது ஒரு மட்டை கூடுதலாக எடுப்பதே அறிவு.

கோடு சாய்வாக ஓடும் ஆட்டவழிகளில்தான் வடிவமைப்பாளர் உங்களோடு உண்மையில் உரையாடுகிறார். புல்லின் ஓரம் டீக்கு முன்னால் இடமிருந்து வலமாகச் சாய்ந்து விலகிச் சென்றால், இடப்பக்கம் குறைந்த தூரத்தைத் தாண்டினால் போதும். வலப்பக்கம் நோக்கித் துணிந்தால் அடுத்த அடி குறையும். இங்கே நடுக்கோட்டைக் குறிவைப்பது பழக்கத்தால் செய்யும் தவறு. நீங்கள் உறுதியாகத் தாண்டக்கூடிய இடத்துக்குப் பின்னால், தொலைவில் ஒரு தனிச் சகுவாரோவையோ பாறையையோ அடையாளமாகக் கொண்டு அதை நோக்கி அடியுங்கள். தவறினால் இரு ஓரங்களில் எது மன்னிக்கும் என்பதை அடிக்கும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்குத்தான் சரளைப் பட்டையைப் பார்க்கச் சொன்னேன்.

கிரீனில் பந்து எப்பக்கம் திரும்பும் என்று ஐயம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தைப் பாருங்கள். மலையடிவாரத்தில் அமைந்த மைதானங்களில் நிலம் முழுவதும் மலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கிச் சரிகிறது. கிரீன் சமதளம் போல் தெரிந்தாலும், பெரும்பாலும் பந்து மலையை விட்டு விலகியே திரும்பும்.

பந்து பாலைவனத்துக்குள் போனால்

முதலில் அறிய வேண்டியது, அந்த மைதானம் பாலைவனத்தை எப்படிக் குறித்திருக்கிறது என்பது. சிவப்புக் குறிகளால் தண்டனைப் பகுதியாகக் குறித்திருந்தால், பந்து கடைசியாக ஓரத்தைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் செல்லாமல், ஒரு தண்டனை அடியோடு வெளியே போட்டு ஆடலாம். குறி எதுவும் இல்லையென்றால் அது பொதுப் பகுதி. பந்து காணாமல் போனால் முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். தேடுவதற்கு 3 நிமிடம்தான் அனுமதி. எனவே ஐயம் இருந்தால் கிளம்பும் முன்பே, தற்காலிகப் பந்து என்று அறிவித்து இன்னொன்றை அடித்து வையுங்கள். 2019 விதிகளின்படி, திரும்பிச் செல்லாமல் இரண்டு தண்டனை அடிகளோடு ஃபேர்வே ஓரத்தில் போட்டு ஆடும் உள்ளூர் விதியையும் மைதானம் நடைமுறைப்படுத்தலாம். இவற்றில் எது அங்கே நடப்பில் உள்ளது என்பதை ஆட்ட அட்டையின் பின்புறம் படித்துவிட்டே முதல் டீக்குச் செல்லுங்கள்.

பந்தைக் கண்டுபிடித்துவிட்டாலும் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மட்டை தடையின்றிச் சுழலுமா, பந்துக்கு அடியில் கல் இருக்கிறதா, வெளியேறும் வழி இரண்டு மட்டை நீள அகலத்துக்காவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், ஆட இயலாத பந்து என்று அறிவித்து ஓர் அடியை இழப்பதே லாபம். உள்ளூர் ஆட்டக்காரர்கள் பையில் ஒரு பழைய 7 அல்லது 8 அயர்னை இதற்கென்றே வைத்திருப்பார்கள். கல்லில் உரசினாலும் கவலையில்லை. உடல் எடையை முன்காலில் வைத்து, பந்தைச் சற்றுப் பின்னால் கொண்டு, தரையைத் தொடும் முன் பந்தைத் தொடும்படி முக்கால் வீச்சில் அடித்தால் போதும். ஒரே அடியில் ஃபேர்வேக்குத் திரும்புவது மட்டுமே நோக்கம்.

கள்ளியைக் காரணம் காட்டி இலவச விலக்குக் கேட்க முடியாது. பந்தருகே விஷப்பாம்பு இருந்தால் தண்டனையின்றி விலகலாம். முள்ளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதை விதியே குறிப்பிட்டுச் சொல்கிறது. முள் குத்தாமலிருக்க உங்கள் காலில் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். அதே துண்டைக் கள்ளியின்மேல் போர்த்தினால், நிற்கும் இடத்தைச் செயற்கையாக அமைத்துக்கொண்டதாகி விதிமீறலாகிவிடும். கல்லின் நிலை வேறு. 1999 ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியின் கடைசி நாளில், டைகர் உட்ஸின் பந்து ஒரு பெரும் பாறைக்குப் பின்னால் நின்றது. அது தரையில் புதையாமல் தனித்துக் கிடந்ததால் அகற்றத்தக்க பொருளே என்று நடுவர் தீர்ப்பளிக்க, பார்வையாளர்கள் பலர் சேர்ந்து அதை உருட்டி விலக்கினார்கள். புதைந்த கல்லை அப்படி அகற்ற முடியாது.

சோய்யா என்ற கள்ளியிடம் தனிக் கவனம் வேண்டும். பஞ்சு போல் மென்மையாகத் தெரியும் அதன் கணுக்கள், இலேசாக உரசினாலே கழன்று உடையிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய சிறு செதில்கள் இருப்பதால் இழுக்க இழுக்க இறுகும். கையால் பிடுங்க முயன்றால் கையிலும் ஏறிவிடும். பையில் ஒரு சாதாரணத் தலைசீப்பை வைத்துக்கொள்ளுங்கள்: சீப்பின் பற்களைக் கணுவுக்கும் தோலுக்கும் இடையே நுழைத்து, உடலை விட்டு வெளிப்புறமாக ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும்; எஞ்சிய முட்களை இடுக்கியால் எடுக்கலாம். வெப்பக் காலத்தில் புதரடியிலும் பொந்துகளிலும் கையை விடாதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்புகள் அந்த நிழலைத்தான் நாடும். ஒரு பந்தின் விலை அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

பருவத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது

அருகம்புல் குளிரில் உறங்கி வைக்கோல் நிறமாகிவிடும் என்பதால், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை மைதானங்கள் இரண்டு மூன்று வாரம் மூடப்பட்டு, குளிரைத் தாங்கும் ரைபுல் விதை மேலே தூவப்படுகிறது. அதற்கு மிகுந்த நீர் தேவை. நீரை மிச்சப்படுத்த, டீயிலும் ஃபேர்வேயிலும் மட்டும் தூவிவிட்டு ஓரத்தை உறங்கவிடும் மைதானங்களும் உண்டு. அத்தகைய மைதானத்தில் ஜனவரியில் பச்சை ஃபேர்வே, பொன்னிற ஓரம், சாம்பல் பச்சைப் பாலைவனம் என மூன்று நிறங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஓரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த காலம் இல்லை. உறங்கும் புல்லில் பந்து உயர்ந்து நிற்காது, ஆனால் வேகமாக உருளும். கிரீனுக்கு முன்னால் பந்தை இறக்கி உருட்டிவிடும் அடியை அங்கே துணிந்து பயன்படுத்தலாம். விதை தூவிய முதல் வாரங்களில் வண்டிகளைப் பாதையை விட்டு இறக்க அனுமதி இராது என்பதால், முன்பதிவு செய்யும்போதே மைதானம் எந்தத் தேதியில் திறந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானிலை இனிமையாக இருக்கும், கட்டணமும் உச்சத்தில் இருக்கும். கோடையில் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கோடையில் ஆடுவதென்றால் விடியலில் கிடைக்கும் முதல் நேரத்தை எடுத்து, 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் ஒவ்வோர் ஆட்டவழியிலும் தண்ணீர் குடியுங்கள், உப்பும் சேரட்டும். தலை கனத்து, வியர்வை நின்று, உடல் சிலிர்த்தால் எத்தனையாவது குழியாக இருந்தாலும் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குச் சென்று, உடலை நனைத்து, மைதான அலுவலகத்தை உதவிக்கு அழையுங்கள்.

ஆட்டம் முடிந்தபின் நேரம் இருந்தால், 18-ஆவது கிரீனிலிருந்து திரும்பி அந்த ஆட்டவழியை டீ நோக்கிப் பாருங்கள். டீயில் நின்றபோது முள்ளும் கல்லுமாகத் தெரிந்த அதே இடம், இப்போது பெரும்பகுதி புல்லாகத் தெரியும். மறைந்திருந்த அகலம் எங்கே இருந்தது, உங்கள் பந்து அதைத் தவறவிட்டது எங்கே என்பதை ஆட்ட அட்டையின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை அதே டீயில் நிற்கும்போது எந்தச் சகுவாரோவை நோக்கி அடிப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.